நுண்தாது: சொல்லும் பொருளும்

பிசான அறுவடை முடிந்து வைக்கோல் படப்பு ஏறியதும், சேரன்மாதேவி, முக்கூடல் பக்கத்துத் தீவனக் கடைகளில் “அண்ணாச்சி, தாதுப்பு ஒரு கிலோ போடுங்க” என்ற குரல் கேட்கும். இளவட்டம் “மினரல் மிக்சர்” என்று கேட்கும். இரண்டும் ஒரே பாக்கெட்தான். அதில் பெரும்பங்கு சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும். கிள்ளளவு சேர்ந்திருக்கும் தாமிரம், துத்தநாகம், மாங்கனீசு, கோபால்ட், அயோடின் போன்றவையே நுண்தாதுக்கள்.

ஆங்கிலத்தில் ‘டிரேஸ் மினரல்’. பழைய வேதியியலார் ஒரு பொருள் இருப்பது தெரிந்தும் அளக்க முடியாதபோது ‘டிரேஸ்’ என்று குறித்து வைத்தார்கள். கருவிகள் மேம்பட்ட பிறகும் பெயர் நிலைத்துவிட்டது. இதைச் சில நூல்கள் ‘சுவடுத் தனிமம்’ என்கின்றன. எனக்கு அது ஒட்டவில்லை. சுவடு என்றால் போனவர் விட்டுப்போன தடம். இதுவோ உள்ளேயே இருந்து வேலை பார்க்கிறது. ‘கனிமம்’ என்றால் நம்மூரில் குவாரி லாரிதான் கண்ணில் வரும். வயலுக்கு ‘நுண்ணூட்டம்’ போட்டுப் பழகியவர்களுக்கு ‘நுண்தாது’ எளிதில் புரியும். இங்கே ‘நுண்’ என்பது தூளின் மென்மையை அல்ல, அளவின் சிறுமையைக் குறிக்கும்.

‘தாது’ வடமொழி வழி வந்தது. உலோகக் கல், பூந்தூள், உடலின் ஏழு கூறுகள், வினையடி எனப் பல பொருள் தாங்கும். பொடிந்த சாணத்தைத் ‘தாதெரு’ என்கின்றன சங்கப் பாடல்கள். மாட்டுக்கும் இச்சொல்லுக்கும் உறவு பழையது!

வைக்கோலைத் தின்பது மாடு. அதன் நாரை உடைப்பது மாட்டின் முதல் வயிறான ரூமனில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள். அங்கே ஒரு மில்லிலிட்டர் நீரில் சுமார் ஆயிரம் கோடி பாக்டீரியா உண்டு. அவை வைக்கோல் துணுக்கில் ஒட்டிக்கொண்டு நொதி சுரந்து நாரைக் கரைக்கின்றன. அதில் கிடைக்கும் அமிலங்களே மாட்டுக்கு முக்கிய எரிபொருள். ஆக, தொட்டியில் போடும் தாது முதலில் போய்ச் சேர்வது இந்தக் கூட்டத்திடம்தான்.

கோபால்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ உலர்தீவனத்துக்கு 0.1 முதல் 0.2 மில்லிகிராம் போதும். அதைக் கொண்டு பாக்டீரியா வைட்டமின் பி12 செய்கிறது. அது இல்லாவிட்டால் மாட்டின் ஈரல், ரூமனில் கிடைக்கும் அமிலங்களில் ஒன்றான புரோப்பியானிக் அமிலத்தைச் சர்க்கரையாக்கத் திணறும், தீனியும் குறையும். ஆஸ்திரேலியக் கரையோரத்தில் புல் இருந்தும் ஆடுகள் மெலிந்து செத்ததற்குக் கோபால்ட் குறைவே காரணம் என்று 1930-களில் கண்டுபிடித்தார்கள்.

குறைந்தால் கெடுதி என்றதும் அள்ளிப் போடத் தோன்றும். அங்கேதான் வம்பு. தாமிரம் கிலோவுக்குப் பத்து மில்லிகிராம் அளவில் வேண்டும். தாமிர சல்பேட், அதாவது நம்ம மயில்துத்தம், ரூமனில் சட்டென்று கரைந்துவிடும். மிகுதியானால், நார் உடைக்கும் பாக்டீரியாவையே அது ஒடுக்கும். துத்தநாகமும் மிஞ்சினால் அப்படித்தான். அதனால்தான் ரூமனில் அதிகம் கரையாமல், அமிலம் சுரக்கும் நாலாம் வயிற்றில் கரையும் வடிவங்கள் வந்திருக்கின்றன. சில சோதனைகளில் இவற்றால் நார்ச்செரிமானம் சற்றுக் கூடியிருக்கிறது. விலையும் கூடுதல்தான்.

வெறும் வைக்கோலோடு தாதுப்பு மட்டும் கொடுத்துப் பலனில்லை. வைக்கோலில் புரதம் நூற்றுக்கு நாலு பங்குகூடத் தேறாது. பிண்ணாக்கோ பசுந்தீவனமோ சேராமல் பாக்டீரியா பெருகாது. பெருகாத கூட்டத்துக்குத் தாது எதற்கு? கறவை மாட்டுக்குப் பொதுவாக நாளுக்கு 30 முதல் 50 கிராம் தாதுப்பு சொல்வார்கள். பாக்கெட்டில் உள்ள அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டுக்கு வாங்கியதைக் கீழக்கரிசல் செம்மறி ஆட்டுக்குப் போட்டுவிடாதீர்கள். செம்மறியின் ஈரலில் தாமிரம் சத்தமில்லாமல் சேரும். ஒருநாள் மொத்தமாக இரத்தத்தில் இறங்கும்போது சிவப்பணுக்கள் உடைந்து, மூத்திரம் கருஞ்சிவப்பாகப் போகும். பிழைப்பது அரிது. செம்மறிக்குத் தாமிரம் குறைத்த கலவையாகக் கேட்டு வாங்குங்கள்.