மேடையில் திக்காத காட்சிகள்: எல்இடி திரைக்கு ஜெனரேட்டிவ் வீடியோ தயாரிப்போர் கவனத்திற்கு

மதுரையிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்களிலும் எல்இடி திரை இல்லாத மேடை இன்று அரிதாகி வருகிறது. திருமண வரவேற்பாக இருந்தாலும், ஊர்த் திருவிழாவின் இன்னிசைக் கச்சேரியாக இருந்தாலும், கல்லூரி ஆண்டு விழாவாக இருந்தாலும், பாடுபவருக்குப் பின்னால் கோலம் போல விரியும் கோடுகளும் பொறி போலச் சிதறும் துகள்களும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் கணிசமானவை கையால் ஒவ்வொரு பிரேமாகச் செய்யப்பட்டவை அல்ல. ஒரு நிரலோ நாய்ஸ் கணக்கோ (மேகம், அலை போல ஒழுங்கின்றி மெல்ல மாறும் எண்களைத் தரும் கணக்கு) தானாகவே உருவாக்கும் ஜெனரேட்டிவ் காட்சிகள். பாட்டு உச்சத்துக்குப் போகும்போது இவை இழுத்து இழுத்து ஓடினால், மேடையோரத்தில் உடனே கேட்கும் பேச்சு, "லேப்டாப் பத்தலண்ணே, அடுத்த தடவை பெரிய கார்டு போட்டுக்கலாம்" என்பதுதான். என் அனுபவத்தில் பெரும்பாலான நேரங்களில் குற்றவாளி லேப்டாப் அல்ல. வீட்டிலேயே முடித்திருக்க வேண்டிய கணக்கையெல்லாம் மேடையில் செய்யும்படி அதன் தலையில் கட்டிவிட்டு வந்திருக்கிறோம் என்பதே உண்மை.

சீரான ஓட்டம் என்றால் என்ன என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நொடிக்கு 60 பிரேம் ஓட வேண்டுமானால் ஒவ்வொரு பிரேமுக்கும் கிடைக்கும் நேரம் சுமார் 16.7 மில்லி நொடி. 50 பிரேம் என்றால் 20 மில்லி நொடி. ஆபரேட்டர்கள் பலர் மென்பொருளின் மூலையில் தெரியும் சராசரி எண்ணைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். 59 பிரேம்கள் தலா 15 மில்லி நொடியில் முடிந்து, ஒரே ஒரு பிரேம் மட்டும் 100 மில்லி நொடி எடுத்துக்கொண்டால், மொத்தம் 985 மில்லி நொடிதான் ஆகும். சராசரி 60-க்குக் குறையாது, ஆனால் திரையில் ஆறு பிரேம் அளவுக்குக் காட்சி உறைந்து நின்று பிறகு துள்ளியிருக்கும். பார்வையாளரின் கண் சராசரியைப் பார்ப்பதில்லை, அந்த ஒரு துள்ளலைத்தான் பார்க்கிறது. ஆகவே நாம் தயாரிக்க வேண்டியது மிக மோசமான பிரேமும் தன் நேரத்துக்குள் முடிகிற காட்சியை.

அந்த வேலை திரையின் பிக்சல் எண்ணிக்கையைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் தொடங்குகிறது. வாடகைக்கு விடுபவர்கள் திரையை அடிக் கணக்கில்தான் சொல்வார்கள். நாம் கேட்க வேண்டியது பிட்ச் (இரண்டு பிக்சல்களுக்கு இடையிலான தூரம், மில்லிமீட்டரில்) என்ன, கேபினெட் (திரையைக் கட்டும் தனித்தனிப் பலகை) எத்தனை என்பதை. பி3.91 வகையில் அரை மீட்டர் சதுரமான ஒரு கேபினெட்டுக்கு 128-க்கு 128 பிக்சல்கள் இருக்கும். அகலத்தில் எட்டு, உயரத்தில் ஐந்து என நாற்பது கேபினெட்டுகளைக் கட்டினால் 4 மீட்டர் அகலமும் இரண்டரை மீட்டர் உயரமும் கொண்ட, ஏறக்குறைய 13 அடிக்கு 8 அடித் திரை கிடைக்கும். மண்டபத்து மேடைக்கு அது கம்பீரமான திரைதான். ஆனால் அதன் மொத்தப் பரப்பு 1024-க்கு 640, அதாவது 6,55,360 பிக்சல்கள் மட்டுமே. இந்தத் திரைக்கு 4கே அளவில், 82 லட்சத்துக்கும் மேற்பட்ட பிக்சல்களாக ரெண்டர் செய்து (கணக்கிட்டுப் படமாக்கி) கொண்டுவருபவர், ஒவ்வொரு பிரேமிலும் தேவையைப் போலப் பன்னிரண்டு மடங்குக்கும் மேலான வேலையைக் கிராபிக்ஸ் கார்டுக்குக் கொடுத்து, அதைக் கடைசியில் சுருக்கித் தூக்கி எறிகிறார். தெளிவும் கூடுவதில்லை. 4கே-யில் அழகாகத் தெரிந்த ஒற்றைப் பிக்சல் கோடு, சுருக்கும்போது விட்டுவிட்டுத் தெரிந்து ஊர்ந்து நடுங்கும். அதையும் பார்ப்பவர்கள் 'வீடியோ திக்குகிறது' என்றுதான் சொல்வார்கள். திரையின் சொந்த அளவிலேயே வேலையைத் தொடங்கி, கோடுகளைக் குறைந்தது இரண்டு மூன்று பிக்சல் தடிமனுக்கு வைப்பதே சரி. (இதே 6,55,360 என்ற எண், 60 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 60 முறை படம் புதுப்பிக்கப்படும்போது), லேப்டாப் படத்தைக் கேபினெட்டுகளுக்கு அனுப்பும் நோவாஸ்டார் போன்ற புராசசர்களின் ஒரு நெட்வொர்க் போர்ட் தாங்கும் 6,50,000 பிக்சலைச் சற்றே தாண்டுகிறது, ஆகவே இந்தத் திரைக்கு இரண்டு கேபிள் இழுக்க வேண்டும். அது திரை கட்டுபவர் பார்த்துக்கொள்ளும் வேலை என்றாலும், நமக்கும் தெரிந்திருப்பது நல்லது.)

அடுத்தது வேகம். லேப்டாப்பிலிருந்து புராசசருக்குப் போகும் வெளியீடு 60 ஹெர்ட்ஸா 50 ஹெர்ட்ஸா என்று தெரியாமலேயே கிளிப்பைத் தயாரிப்பது நம் பக்கத்தில் மிகச் சாதாரணம். 25 பிரேம் கிளிப்பை 60 ஹெர்ட்ஸில் ஓட்டினால், சில பிரேம்கள் இரண்டு முறையும் சில மூன்று முறையும் காட்டப்படும். மெதுவாக நகரும் காட்சியில் இந்த ஏற்றத்தாழ்வு நன்றாகவே தெரியும். எந்தக் கார்டு போட்டாலும் இது தீராது, ஏனெனில் தவறு கணக்கில் இருக்கிறது. 60 ஹெர்ட்ஸுக்கு 30 அல்லது 60 பிரேமும், 50 ஹெர்ட்ஸுக்கு 25 அல்லது 50 பிரேமும் பொருந்தும். நம் ஊர் நிகழ்ச்சிகளில் அதே திரையில் கேமராக் காட்சியும் மாறி மாறி வரும், கேமராவும் அவற்றை மாற்றிக் காட்டும் ஸ்விட்சரும் பழைய பி.ஏ.எல். தொலைக்காட்சி முறையின் வழக்கப்படி 50-இல் வைக்கப்பட்டிருப்பதும் உண்டு. அப்படியானால் லேப்டாப்பின் வெளியீட்டையும் 50-க்கு மாற்றிவிட்டு, கிளிப்பை 50-இல் ரெண்டர் செய்ய வேண்டும். நிகழ்ச்சிக்கு முன்பே கேமராக்காரரிடம் ஒரு போன் போட்டுக் கேட்டால் முடிகிற காரியம் இது.

இனி கோடெக், அதாவது வீடியோவைச் சுருக்கிக் கோப்பாக்கி மீண்டும் விரிக்கும் முறை. பலரும் பென் டிரைவில் கொண்டுவரும் கோப்பு எச்.264. வீட்டில் படம் பார்க்க அது அருமையானது, மேடைக்கு ஒத்துவராது. அதில் பெரும்பாலான பிரேம்களில் முழுப் படம் இருப்பதில்லை, பக்கத்துப் பிரேம்களிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். இந்தக் கோப்பை உருவாக்கும் எக்ஸ்264 என்கோடரை அதன் இயல்பான அமைப்பில் விட்டால், ஒரு முழுப் பிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே 250 பிரேம் வரை இடைவெளி வரலாம். 25 பிரேம் கிளிப்பில் அது பத்து நொடி. படம் பார்ப்பவர் நேராகப் பார்த்துக்கொண்டே போவார். மேடையில் ஆபரேட்டர் அப்படியா செய்கிறார்? உறுமி அடி மாறினால் கிளிப்பின் நடுவுக்குத் தாவுகிறார், பின்னோக்கி ஓட்டுகிறார், வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறார். ஒவ்வொரு தாவலிலும் மென்பொருள் முந்தைய முழுப் பிரேமுக்குப் போய், அங்கிருந்து கணக்குப் போட்டுக்கொண்டே வர வேண்டும். ஜெனரேட்டிவ் காட்சிகளுக்கு இதில் இன்னொரு சங்கடமும் உண்டு: துகளும் நாய்ஸும் நிறைந்த காட்சியில் ஒவ்வொரு பிரேமிலும் ஏறக்குறைய எல்லாப் பிக்சலுமே மாறுவதால், 'மாறியதை மட்டும் எழுது' என்ற சிக்கனமே அங்கே செல்லாது. கோப்பு பெருக்கும், அல்லது படம் குழம்பிப்போகும்.

மேடைக்கென்றே உருவானவை ஹேப், டிஎக்ஸ்வி போன்ற கோடெக்குகள். டிஎக்ஸ்வி, மேடையில் காட்சிகளை ஓட்டும் ரெசலூம் மென்பொருளின் சொந்தக் கோடெக். ஹேப் திறந்த மூலத்தில் கிடைக்கிறது, எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச வீடியோ மென்பொருள் கொண்டே அதை உருவாக்கலாம். இவற்றில் ஒவ்வொரு பிரேமும் தன்னளவில் முழுமையானது. சுருக்கத்தை விரிக்கும் பெரும்பகுதி வேலையைக் கிராபிக்ஸ் கார்டே செய்துவிடுவதால் சிபியு மிஞ்சுகிறது. இதற்கு நாம் கொடுக்கும் விலை கோப்பின் அளவு. சாதாரண ஹேப்பில் ஒரு பிக்சலுக்கு அதிகபட்சம் அரை பைட், அதன் தரம் கூடிய வகையான ஹேப் கியூவில் ஒரு பைட் என்று வைத்துக் கணக்கிடுங்கள். நாம் மேலே பார்த்த 1024-க்கு 640 திரைக்கு, 60 பிரேமில், ஹேப் கியூ நொடிக்கு 40 மெகாபைட்டுக்குள் அடங்கும்; மூன்று லேயரை ஒன்றன்மேல் ஒன்றாக ஓட்டினாலும் 120-ஐத் தாண்டாது. இதே கோடெக்கில் 4கே கிளிப் ஒன்றே ஒன்று நொடிக்கு ஏறத்தாழ 500 மெகாபைட் கேட்கும். சாட்டா எஸ்எஸ்டி ஒன்றின் உச்ச வேகமே 550-ஐ ஒட்டித்தான். யூஎஸ்பி 2.0 பென் டிரைவிலிருந்து நேராக ஓட்டுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நடைமுறையில் அது நொடிக்கு 30, 40 மெகாபைட்டைத் தாண்டுவதில்லை. சுழலும் ஹார்டு டிஸ்க் ஒரு கிளிப்பை ஓட்டிக் காட்டிவிடும், மூன்று கிளிப்பை ஒரே நேரத்தில் கேட்டால் அதன் முள் அங்குமிங்கும் ஓடியே ஓய்ந்துவிடும். கிளிப்புகளை உள் எஸ்எஸ்டிக்கு மாற்றிய பிறகே மேடைக்குப் போக வேண்டும்.

சாதாரண ஹேப்புக்கும் ஹேப் கியூவுக்கும் இடையே எதைத் தேர்வது என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். சாதாரண ஹேப், படத்தை நான்குக்கு நான்கு பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு வண்ணங்களை மட்டும் சேமிக்கிறது. மீதி இரண்டு வண்ணங்கள் அவற்றுக்கு இடைப்பட்டவை. பதினாறு பிக்சலுக்கும் சேர்த்து நான்கே வண்ணம். கெட்டியான நிறங்களுக்கும் கூர்மையான வடிவங்களுக்கும் இது தாராளம். ஆனால் கருநீலத்திலிருந்து கருப்புக்கு மெல்லக் கரையும் ஒளிவட்டம் இதில் படிப்படியாக உடைந்துபோகும். இருண்ட மண்டபத்தில் எல்இடி திரை அந்தப் படிகளை இன்னும் எடுத்துக்காட்டும். அத்தகைய காட்சிகளுக்கு ஹேப் கியூவும், படிகளை மறைக்க ரெண்டரிலேயே தூவப்பட்ட, மணல் போன்ற மிக மெல்லிய புள்ளிகளும் தேவை. கட்டம் நான்கு நான்காகப் போவதால் அகல உயரமும் நான்கால் வகுபட வேண்டும். நல்லவேளையாகக் கேபினெட்டுகளில் வழக்கமாக வரும் 128, 168, 192 எல்லாமே வகுபடுபவை. ஒளிரும் துகள்களுக்கு ஆல்பா (எந்தப் பிக்சல் எவ்வளவு ஊடுருவித் தெரியும் என்ற கூடுதல் தகவல்) வேண்டும் என்று எண்ணுபவர்களுக்கு ஒன்று சொல்வேன்: கருப்புப் பின்னணியில் ரெண்டர் செய்து, லேயரை 'ஆட்' முறையில் (கீழுள்ள படத்தின் ஒளியோடு கூட்டி) கலந்தால் அதே தோற்றம் கிடைக்கும், ஆல்பாவின் சுமையும் விளிம்பில் வரும் கருங்கோடும் இல்லாமல் போகும்.

லூப் (முடிந்ததும் மீண்டும் முதலிலிருந்து ஓடும் கிளிப்) விஷயத்தில்தான் ஜெனரேட்டிவ் கலைஞர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். நாய்ஸ் கணக்குக்குள் நேரத்தை நேர்கோடாக விட்டால் அது தொடங்கிய இடத்துக்கு ஒருபோதும் திரும்பாது. லூப் முடியும் இடத்தில் காட்சி வெட்டுப்பட்டுத் தாவும். நேரத்துக்குப் பதிலாக ஒரு வட்டத்தைச் சுற்றிவரச் செய்து, அந்த வட்டத்தின் கொசைன், சைன் மதிப்புகளை இரண்டு கூடுதல் பரிமாணங்களாகக் கொடுத்தால் (படத்துக்கு இரண்டு, வட்டத்துக்கு இரண்டு என நான்கு பரிமாண நாய்ஸ்), சுற்று முடியும்போது படமும் தொடக்கத்தில் வந்து நிற்கும். ஆரத்தைக் குறைத்தால் அசைவு அடங்கும், கூட்டினால் பெருகும். இங்கே ஒரு நுட்பம்: 60 பிரேமில் பத்து நொடி லூப் என்றால் 0 முதல் 599 வரைதான் ரெண்டர் செய்ய வேண்டும். 600-வது பிரேம் என்பது 0-வது பிரேமேதான். அதையும் சேர்த்துவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே படம் இரண்டு முறை நின்று, பத்து நொடிக்கு ஒரு விக்கல் வரும். துகள் சிமுலேஷனுக்கு வட்ட வழி பலிக்காது, ஏனெனில் அதன் ஒவ்வொரு நிலையும் முந்தைய நிலையைச் சார்ந்தது. துகள்கள் நிரம்பி நிதானப்பட்ட பிறகு பன்னிரண்டு நொடி எடுத்து, கடைசி இரண்டு நொடியை முதல் இரண்டு நொடிமேல் கரைத்தால் பத்து நொடி லூப் கிடைத்துவிடும்.

இவ்வளவு வேலையும் பதிவு செய்த கிளிப்புக்கு. டச்டிசைனர், பிராசஸிங் போன்ற காட்சி உருவாக்கும் மென்பொருள்களில் நிரலை மேடையிலேயே நேரடியாக ஓட்டுவது இசைக்கு உடனுக்குடன் இசைந்துகொடுக்கும் அழகுக்காகவே. இசையோடு தொடர்பில்லாத காட்சியை நேரடியாக ஓட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. நேரடியாக ஓட்டுபவர்கள் அசைவைப் பிரேம் எண்ணிக்கையோடு கட்டாமல் கடந்த நேரத்தோடு கட்ட வேண்டும். துகள்களை அடிக்கொரு முறை புதிதாகப் பிறப்பித்துக்கொண்டே போகாமல், ஒரு நிலையான எண்ணிக்கையை முதலிலேயே ஒதுக்கி, முடிந்தவற்றையே மீண்டும் எழுப்ப வேண்டும். இல்லாவிட்டால் ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் சார்ந்த சூழல்களில் நினைவகத்தைத் துப்புரவு செய்ய நிரல் அவ்வப்போது நிற்கும். ஷேடர்கள் (கிராபிக்ஸ் கார்டில் ஓடும் சிறு நிரல்கள்) பெரும்பாலும் முதன்முறை திரைக்கு வரும்போதுதான் கம்பைல் ஆகும் (கார்டு இயக்கும் வடிவுக்கு மாறும்), அப்போது காட்சி ஒரு கணம் திக்கும் என்பதால், கூட்டம் வருவதற்கு முன்பே எல்லாக் காட்சிகளையும் ஒருமுறை ஓட்டிவிட வேண்டும்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். வள்ளி திருமணம் போன்ற இசை நாடகங்கள் இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி விடிய விடிய நடப்பவை. மாலையிலேயே சோதனைக்காக நிரலை ஓடவிட்டால் விடியற்காலையில் பத்து மணி நேரம் தாண்டியிருக்கும். ஷேடருக்குப் போகும் நேரம் பெரும்பாலும் 32 பிட் எண். 36,000 நொடியில் அந்த எண்ணால் ஏறத்தாழ 4 மில்லி நொடிக்குக் குறைவான வித்தியாசத்தைக் காட்ட முடியாது. 16.7 மில்லி நொடியில் நகர வேண்டிய காட்சி ஒருமுறை 15.6, இன்னொரு முறை 19.5 என்று தள்ளாடத் தொடங்கும். பிரேம் மீட்டர் 60 என்றே காட்டும், லேப்டாப்பும் சோர்ந்திருக்காது, காட்சி மட்டும் நடுங்கும். தீர்வு எளிது: நேரத்தை முடிவில்லாமல் வளரவிடாமல், லூப் முடியும்போதெல்லாம் சுழியத்துக்குத் திருப்பிவிட வேண்டும்.

மற்றவை சிறிய சங்கதிகள், ஆனால் மேடையைக் கவிழ்ப்பவை அவையே. லேப்டாப்பில் இரண்டு கிராபிக்ஸ் சிப் இருந்தால் மென்பொருள் உண்மையிலேயே பெரியதில்தான் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். திரையை டூப்ளிகேட்டில் (லேப்டாப்பின் அதே படம்) வைக்காமல் எக்ஸ்டெண்டில் (தனி இரண்டாம் திரை) வைக்க வேண்டும். ஜெனரேட்டர் நின்று பேட்டரிக்கு மாறினால் கார்டின் வேகம் விழும் என்பதால் யூபிஎஸ் அவசியம். சித்திரை மாதத்துப் பந்தலின் வெக்கையில், ஏசி அறையில் ஓடியதுபோல் லேப்டாப் ஓடாது. சூடானதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதனால் ஒத்திகையை மின்விசிறி இல்லாத அறையில், நண்பகலில், எல்லா லேயரையும் ஏற்றி இரண்டு மணி நேரமாவது ஓட்டிப் பார்ப்பதே நியாயமான சோதனை. அந்த இரண்டு மணி நேரத்தில் எந்தச் சேர்க்கையில் பிரேம் நேரம் எகிறுகிறதோ, அந்தச் சேர்க்கையைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். நேரடியாக ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் அதன் ஹேப் பதிவு ஒன்றைக் கீழ் லேயரில் தயாராக வைத்து, ஒரு பொத்தானில் மாற்றும்படி கட்டிவையுங்கள்.