சூடான பைப்பில் சாய்ந்து கிடக்கும் வயர்

வயரிங் சோதிக்கப் போகும் வீட்டில் சுவிட்ச் போர்டைத் திறப்பதற்கு முன்பே சுடுதண்ணீர் பைப் எங்கெங்கே போகிறது என்று பார்த்துவிடுவேன். வாட்டர் ஹீட்டரின் பின்புறம், சிங்க்குக்குக் கீழே இருக்கும் அலமாரி, ஃபால்ஸ் சீலிங்கின் உள்பக்கம், அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் வைத்த வீடென்றால் தரைப்பலகைக்கு அடியில். பைப்புக்குப் போட்ட துளையிலேயே வயரையும் நுழைத்திருப்பார்கள். பிளம்பர் ஒரு நாள் வருவார், எலக்ட்ரீஷியன் இன்னொரு நாள். இரண்டாவதாக வருகிறவருக்குப் புதுத் துளை போட மனம் வருவதில்லை.

"இத்தனை வருஷமா அப்படித்தானே சார் கிடக்கு, ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்பார்கள். ஆகிக்கொண்டுதான் இருக்கிறது, வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

சாதாரண வீட்டு வயரின் மேலுறை பிவிசி. உள்ளே இருக்கும் செம்பு 70 டிகிரி செல்சியஸ் வரை சூடாகலாம் என்பதுதான் அதன் வரம்பு. ரேடியேட்டருக்குப் போகும் பைப் பல வீடுகளில் 60 முதல் 80 டிகிரி வரை கொதிக்கும். அதாவது, சுவிட்சைப் போடாமலேயே வயர் தன் வரம்பைத் தொட்டுவிடுகிறது. இதற்கு மேல் கரன்ட் ஓடும்போது வயருக்குள்ளேயே எழும் சூடு வேறு.

கணக்காகவே பார்க்கலாம். 2.5 சதுர மி.மீ செம்புக் கேபிளைச் சுவரில் கிளிப் அடித்து ஓட்டினால், சுற்றுப்புறம் 30 டிகிரியில் இருக்கும்போது ஏறக்குறைய 27 ஆம்பியர் தாங்கும். சுற்றுப்புறம் 60 டிகிரி ஆனால் அதில் பாதிதான், 13.5 ஆம்பியர். 3 கிலோவாட் ஹீட்டர் ஒன்றே 13 ஆம்பியர் இழுக்கும். போர்டில் இருப்பதோ 20 ஆம்பியர் எம்சிபி, அதாவது அளவுக்கு மீறி கரன்ட் போனால் தானே அணையும் சுவிட்ச். அது எவ்வளவு கரன்ட் போகிறது என்பதை மட்டும்தான் பார்க்கும். வயர் எங்கே வெந்துகொண்டிருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

அப்படிக் கிடந்த வயரை மெயினை அணைத்துவிட்டு எடுத்துப் பாருங்கள். பைப்பில் பட்ட இடம் மட்டும் தட்டையாக அமுங்கி, நிறம் மங்கியிருக்கும். பிவிசியை வளையும்படி வைத்திருக்கும் சேர்மானம் சூட்டில் மெல்ல மெல்ல வெளியேறிவிடுவதால், மற்ற இடமெல்லாம் வளையும் வயர் அங்கே விறைத்து நிற்கும். அந்த இடத்தை வளைத்துப் பார்க்காதீர்கள், உறை வெடித்துவிடும். போதாக்குறைக்குப் பைப்பும் சும்மா இருப்பதில்லை. 5 மீட்டர் செம்புப் பைப் 50 டிகிரி சூடேறினால் 4 மி.மீ போல நீளும், ஆறினால் சுருங்கும். ஒவ்வொரு முறையும் வயரின் மேல் ஒரு உரசல்.

உறை கிழிந்து செம்பு பைப்பில் பட்டால், பைப்புக்கு எர்த் இருக்கும் வீட்டில் எம்சிபியோ, கரன்ட் கசிந்தால் அணைக்கும் ஆர்சிசிபியோ ட்ரிப் ஆகும். ஆர்சிசிபி அடிக்கடி விழுந்தால் "மெஷின் பழுது" என்று மாற்றிவிடாமல் காரணத்தைத் தேடச் சொல்லுங்கள். எர்த் இல்லாத உலோகப் பைப் என்றால் குழாயைத் தொடுகிறவருக்கு ஷாக். பைப் பிளாஸ்டிக்காக இருந்தால் வயருக்குள் இருக்கும் ஃபேஸும் நியூட்ரலும் ஒன்றையொன்று நெருங்கிப் பொறி பறக்கும். எனக்கு அதிகம் பயம் இந்தக் கடைசி வகையில்தான்.

சரிசெய்வது பெரிய வேலையில்லை, வயரைத் தள்ளிக் கிளிப் அடித்தால் போதும். ஒரு கை அகலமாவது இடைவெளி விடுவது என் வழக்கம். சூடு மேலே ஏறும் என்பதால் பைப்புக்கு நேர் மேலே வேண்டாம். ஒழுகினால் நனையும் என்பதால் நேர் கீழேயும் வேண்டாம். குறுக்கே கடந்துதான் ஆக வேண்டும் என்றால் பைப்புக்கு நுரை உறை போட்டு, வயர் அந்த உறைக்கு வெளியே போக வேண்டும். வயரையும் பைப்பையும் சேர்த்து ஒரே உறைக்குள் சுற்றிவைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன், அது அடுப்புக்குள் வைத்த மாதிரி. இன்சுலேஷன் டேப் சுற்றுவதும் தீர்வாகாது, டேப்பும் பிவிசிதான். ஹீட்டருக்குள் போகும் கடைசித் துண்டுக்குச் சிலிக்கான் ரப்பர் வயர் கேட்டு வாங்குங்கள்; 180 டிகிரி வரை தாங்கும் வகை கிடைக்கிறது.

விறைத்துப்போன வயரைத் தள்ளி வைப்பதோடு விடக் கூடாது, அந்த நீளத்தை மாற்ற வேண்டும். மெகர் (வயர் உறையின் காப்பைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்த்து "நல்லா இருக்கு" என்று சொல்பவரிடம் கொஞ்சம் கவனம்: உலர்ந்த விரிசல் 500 வோல்ட் சோதனையில் தேறிவிடும். கண்ணால் பார்த்தாரா என்று கேளுங்கள்.