சிப்மங்க் குரல்: தொண்டையைப் பாதியாகச் சுருக்கிய டேப் ரெக்கார்டர்

வாசகர் ஒருவரின் கேள்வி இது: "வாட்ஸப்பில் வாய்ஸ் மெசேஜை இரண்டு மடங்கு வேகத்தில் கேட்டாலும் பேசுகிறவரின் குரல் அப்படியே இருக்கிறது. ஆனால் அந்தக் காலச் சிப்மங்க் பாட்டில், வேகத்தைக் கூட்டித்தான் கீச்சுக்குரலைக் கொண்டுவந்தார்கள் என்கிறார்கள். இரண்டும் வேகம் கூட்டுவதுதானே, விளைவு மட்டும் ஏன் வேறு?"

கேள்வி சின்னதுதான், ஆனால் மனிதக் குரலின் அடிப்படையையே தொடுகிறது. பாட்டின் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ராஸ் பக்தசாரியன் 1919இல் கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரில் பிறந்த ஆர்மீனிய வம்சாவளிக்காரர். டேவிட் செவில் என்ற பெயரில் பாடல்கள் வெளியிட்டார். 1958இல் வந்த 'விட்ச் டாக்டர்' பாட்டில் தன் இயல்பான குரலோடு, டேப் வேகத்தைக் கூட்டி உருவாக்கிய ஒரு கீச்சுக்குரலையும் சேர்த்தார். பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அதே உத்தியில் மூன்று குரல்களை உருவாக்கி, அவற்றுக்கு அணில் இனத்தைச் சேர்ந்த சிப்மங்க் வடிவம் கொடுத்து, அந்த ஆண்டின் இறுதியிலேயே கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்றை வெளியிட்டார். ஆல்வின், சைமன், தியோடர் என்ற பெயர்கள் லிபர்ட்டி ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த மூவரின் பெயர்களிலிருந்து வந்தவை. மூன்று சிப்மங்குகளுக்கும் குரல் கொடுத்தவர் பக்தசாரியன் ஒருவரே.

டேப்பில் நடப்பது எளிமையானது. ஒலி அலையின் ஏற்ற இறக்கம் டேப்பின் நீளத்தில் காந்த வடிவமாகப் பதிகிறது. நொடிக்கு 19 சென்டிமீட்டர் வேகத்தில் பதிந்ததை 38 சென்டிமீட்டர் வேகத்தில் ஓட்டினால், அதே அலைகள் பாதி நேரத்தில் கடந்துபோகும். எல்லா அதிர்வெண்களும் இரண்டு மடங்காகும், சுருதி ஒரு ஸ்தாயி ஏறிவிடும்.

சுருதி ஏறியதால்தான் குரல் கீச்சிடுகிறது என்று இதோடு பலரும் நிறுத்திவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான். நல்ல பயிற்சியுள்ள ஓர் ஆண் கள்ளக்குரலில், அதாவது குரலை மெலிதாக்கி உயர்த்தி, ஒரு ஸ்தாயி மேலே பாட முடியும். கேட்டுப் பாருங்கள், அவர் உயர்ந்த சுருதியில் பாடும் ஒரு பெரிய ஆளாகத்தான் தெரிவார். சிப்மங்க் வராது. அப்படியானால் டேப் வேறு எதையோ மாற்றுகிறது.

குரலில் இரண்டு பகுதிகள் உண்டு. குரல் நாண்கள் அதிர்கின்றன. பேசும் ஆணுக்கு நொடிக்கு ஏறத்தாழ 100 முதல் 130 முறை. சுருதியைத் தீர்மானிப்பது இது. நாண்களுக்கு மேலே உதடு வரை இருக்கும் குழாய், அதாவது தொண்டையும் வாயும், அந்த ஒலியில் சில அதிர்வெண்களை மட்டும் எடுத்துப் பெரிதாக்குகிறது. இவற்றை ஒத்ததிர்வுகள் என்பார்கள். பாட்டிலில் தண்ணீர் பிடிக்கும்போது, நிரம்ப நிரம்ப ஓசை ஏறுவதைக் கவனித்திருப்பீர்கள். உள்ளே காற்றின் நீளம் குறையக் குறைய அதன் ஒத்ததிர்வு உயர்கிறது. தொண்டைக்கும் இதே இயற்பியல்தான். வளர்ந்த ஆணுக்கு அந்தக் குழாயின் நீளம் சுமார் 17 சென்டிமீட்டர். ஒரு முனை மூடி, மறுமுனை திறந்த குழாய் என்று வைத்துக் கணக்குப் போட்டால் ஒத்ததிர்வுகள் 500, 1500, 2500 ஹெர்ட்ஸில் விழும்.

கள்ளக்குரலில் பாடும்போது நாண்கள் வேகமாக அதிர்கின்றன, ஆனால் குழாய் ஏறக்குறைய அதே 17 சென்டிமீட்டர்தான். டேப்போ பாகுபாடு பார்க்காமல் எல்லாவற்றையும் இரட்டிப்பாக்குகிறது. ஒத்ததிர்வுகளும் 1000, 3000, 5000 ஆகிவிடுகின்றன. இவை எந்த நீளக் குழாய்க்கு உரியவை? எட்டரை சென்டிமீட்டர். பிறந்த குழந்தையின் குரல்பாதையும் ஏறத்தாழ அந்த நீளம்தான்!

எனக்குச் சலிக்கவே சலிக்காத இடம் இது. ஒரு குரலைக் கேட்டதும் நம் காது பேசுபவரின் தொண்டை நீளத்தை அளந்துவிடுகிறது, அதிலிருந்து உடம்பின் அளவை ஊகித்துவிடுகிறது. தொலைபேசியில் முகம் தெரியாமலேயே 'குழந்தை பேசுகிறது' என்று நமக்குப் புரிவது இதனால்தான். சிப்மங்க் பாட்டில் காதுக்குக் கிடைப்பது பச்சைக் குழந்தையின் தொண்டை; நாக்கின் லாவகமோ, தாளம் பிசகாத உச்சரிப்போ பெரியவருடையது. அப்படி ஓர் உயிர் உலகத்தில் கிடையாது. சிரிப்பு வருவதற்கு இந்தப் பொருந்தாமைதான் முதல் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இவ்வளவு மாற்றியும் வார்த்தைகள் புரிவது எப்படி? 'ஈ' என்று சொல்லும்போது முதல் இரண்டு ஒத்ததிர்வுகள் சுமார் 300, 2300 ஹெர்ட்ஸ். 'ஆ' என்றால் 700, 1200. இரட்டித்தபின் 600, 4600 என்றும் 1400, 2400 என்றும் ஆகின்றன. எண்கள் மாறினாலும் விகிதம் மாறவில்லை. அப்பா, அம்மா, குழந்தை என்று வெவ்வேறு நீளத் தொண்டைகளின் 'ஈ'யைக் கேட்டே வளர்ந்த காதுக்கு விகிதம் பெரும் துணை.

மெய்யெழுத்துகளில்தான் சிக்கல். 'ஸ்' ஒலியின் ஆற்றல் பெரும்பாலும் 5000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. இரட்டித்தால் 10,000ஐத் தாண்டும். அந்தக் கால ரேடியோவின் சின்ன ஸ்பீக்கர் அதை ஒழுங்காகத் தராது. அதனால் பதியும்போதே மெய்களை அழுத்திச் சொல்ல வேண்டும். பாட்டையும் பாதி வேகத்தில் பாட வேண்டும். ஐந்து நொடியில் முடியும் ஒரு வரியைப் பத்து நொடி ஒரே மூச்சில் இழுக்க வேண்டும், அதுவும் ஒரு ஸ்தாயி கீழே. குரலில் இயல்பாக வரும் அசைவு நொடிக்கு 5, 6 முறை. இரட்டித்தால் 10, 12 ஆகிக் குளிரில் நடுங்குவதுபோல் கேட்கும், ஆகவே அசைவில்லாமல் பாட வேண்டும். இத்தனையும் செய்துகொண்டு நகைச்சுவையும் வரவேண்டும். சாதாரணத் திறமையில்லை.

சரி, வாட்ஸப்? அங்கே அலைகளை யாரும் நெருக்குவதில்லை. மென்பொருள் ஒலியை ஒரு நொடியில் நூறில் சில பங்கு நீளமுள்ள துண்டுகளாக நறுக்கி, சில அதிர்வுகளை விட்டுவிட்டு, மீதியை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டுகிறது. நொடிக்கு 120 அதிர்வு என்றால் ஓர் அதிர்வுக்கு எட்டு மில்லிநொடி. அடுத்தடுத்த அதிர்வுகள் ஏறக்குறைய ஒரேமாதிரி இருப்பதால் நடுவில் சில போனாலும் காது கண்டுகொள்ளாது. மிஞ்சிய ஒவ்வோர் அதிர்வும் பழைய வேகத்திலேயே ஓடுகிறது, தொண்டையும் 17 சென்டிமீட்டராகவே இருக்கிறது.

இந்த யோசனை மென்பொருளுக்கு முந்தையது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கிராண்ட் ஃபேர்பாங்க்ஸும் சகாக்களும் சுழலும் டேப் முனைகளைக் கொண்டு இதைச் செய்துகாட்டிக் கட்டுரை வெளியிட்டது 1954இல், சிப்மங்குகளுக்கு நான்கு ஆண்டுகள் முன்பே. பின்னாளில் பார்வையற்றோர் ஒலிநூல்களை வேகமாகக் கேட்பதற்கு இவ்வகை ஆய்வு பயன்பட்டது. காது எதை விட்டுக்கொடுக்கும், எதை விடாது என்பதுபோன்ற அடிப்படைக் கேள்விகளுக்கு, உடனடிப் பயன் என்ன என்று கேட்காமல் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் பேய் வரும். வேகத்தைப் பாதியாக்கினால் தொண்டை 34 சென்டிமீட்டர் ஆகிறது. எந்த மனிதருக்கும் அவ்வளவு நீளம் இல்லை என்பதால் கேட்பவருக்கு உடம்பு சிலிர்க்கிறது. 'பாழடைந்த வீட்டில் பதிவான அமானுஷ்யக் குரல்' என்று யாராவது அனுப்பினால், அடுத்தவருக்கு அனுப்பும் முன் டேப் முறையில் இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிப் பாருங்கள்.

சிப்மங்க் பாட்டு அமெரிக்காவில் நான்கு வாரம் முதலிடத்தில் இருந்தது. 1959இல் நடந்த முதல் கிராமி விழாவில் மூன்று விருதுகள் பெற்றது. அவற்றில் ஒன்று ஒலிப்பதிவுப் பொறியியலுக்காக. வாங்கியவர் டெட் கீப், தியோடர் என்ற பெயருக்குரியவர். பொருத்தமான விருது அது. வேகத்தைக் கூட்டும் தந்திரம் அப்போது பலரிடமும் இருந்தது. பக்தசாரியன் பாட்டோ கிறிஸ்துமஸ்தோறும் திரும்ப வருகிறது, 2007இல் திரைப்படத்தோடு மறுபடி பிரபலமானது. அந்தப் பாட்டில் டேவிட்டின் குரல் இயல்பான வேகத்தில் இருக்கிறது. ஆல்வினோடு அவர் மல்லுக்கட்டும்போது 17 சென்டிமீட்டரும் எட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் கேட்கின்றன. கீச்சுக்குரல் மட்டும் தனியாக ஒலித்தால் கொஞ்ச நேரத்தில் காது பழகிவிடும். இயல்பான குரல் இடையிடையே வந்து அளவை நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது.

செய்து பார்க்க விரும்புகிறவர்கள் ஏதாவது இலவச ஒலி மென்பொருளில், சுருதியைக் காக்கும் வசதியை அணைத்துவிட்டு வேகத்தை இரட்டிக்கலாம். பேசுவதைவிட மெதுவாக, ஒரே சுருதியில், 'ஸ்' வரும் இடங்களை அழுத்திப் பாடுங்கள். அப்புறம் உங்கள் சாதாரணக் குரலில் ஒரு வரியை இடையில் சேர்த்துக் கேளுங்கள்.