உதை குறைந்த ஷாட்கன்: கணக்கு தோட்டாவில் தொடங்குகிறது

அமெரிக்காவில் வீட்டுப் பாதுகாப்புக்கு ஷாட்கன் (ஒரே வெடியில் பல ரவைகளை அனுப்பும் நீளத் துப்பாக்கி) வாங்க வருபவர் “உதை எனக்கு ஒத்துக்கொள்ளாது” என்று, அதாவது சுடும்போது துப்பாக்கி தோளில் இடிப்பதைத் தாங்க முடியாது என்று சொன்னால், விற்பவரின் கை பெரும்பாலும் 20 கேஜ் அடுக்கின் பக்கம்தான் போகும். 12 கேஜ் முரடு, 20 கேஜ் சாது என்ற நம்பிக்கை அந்த அளவுக்கு ஊறிப்போயிருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது பாதிதான் உண்மை. தவறான தோட்டா போட்ட எடை குறைந்த 20 கேஜ், சரியான தோட்டா போட்ட 12 கேஜைவிடப் பலமாகவே உதைக்கும்.

ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக வார்த்தால், அதில் ஓர் உருண்டை பொருந்தும் குழல் 12 கேஜ். நம் ஊரில் 12 போர் என்பதும் இதுவே. அதன் உள்விட்டம் 18.5 மி.மீ., 20 கேஜுக்கு 15.6 மி.மீ. ஆக, கேஜ் குழலின் அகலத்தை மட்டும்தான் சொல்கிறது. தோளில் என்ன விழும் என்பதை அது சொல்வதில்லை.

அதைத் தீர்மானிப்பவை மூன்று: குழலைவிட்டு வெளியேறும் பொருளின் எடை, அதன் வேகம், துப்பாக்கியின் எடை. ரவைகள், அவற்றைச் சுமக்கும் பிளாஸ்டிக் கிண்ணம், எரிந்த வெடிமருந்தின் வாயு எல்லாம் சேர்ந்து முன்னோக்கிக் கொண்டுபோகும் உந்தம் எவ்வளவோ, அதே உந்தத்தோடு துப்பாக்கி பின்னால் வருகிறது. உந்தத்தைத் துப்பாக்கியின் எடையால் வகுத்தால் அது பின்வாங்கும் வேகம் கிடைக்கும். அந்த வேகத்தின் வர்க்கத்தை எடையின் பாதியால் பெருக்கினால் உதையின் ஆற்றல்.

எண்களைப் போட்டுப் பார்க்கலாம். 2¾ அங்குல நீளமுள்ள 12 கேஜ் தோட்டாவில் வழக்கமான ‘டபுள் ஆட் பக்’ (பக்‌ஷாட் எனப்படும் பெரிய ரவைகளில் ஒரு ரகம்) என்றால் 9 ரவைகள், மொத்தம் சுமார் 31 கிராம், நொடிக்கு 404 மீட்டர் வேகம். கிண்ணத்தையும் வாயுவையும் சேர்த்தால் உந்தம் ஏறத்தாழ 15 கி.கி.மீ./நொடி. 3.2 கிலோ துப்பாக்கி நொடிக்கு 4.7 மீட்டர் வேகத்தில் பின்னால் வரும். ஆற்றல் சுமார் 35 ஜூல். அதே துப்பாக்கியில், அதே 9 ரவைகளை நொடிக்கு 349 மீட்டரில் அனுப்பும் ‘குறைந்த உதை’ தோட்டாவைப் போட்டால் 25 ஜூல். ஒரு ரவை குறைந்த 8 ரவைத் தோட்டா என்றால் 20 ஜூலை ஒட்டி வந்துவிடும்.

இனி அந்தச் ‘சாது’ 20 கேஜ். 3-ஆம் எண் பக்‌ஷாட் 20 ரவைகள் கொண்ட சாதாரணத் தோட்டாவின் ரவை எடை 30 கிராம், வேகம் நொடிக்கு 366 மீட்டர். 20 கேஜ் துப்பாக்கிகள் எடை குறைவாகவே வருகின்றன; 2.7 கிலோ என்று கொண்டால் உதை 30 ஜூல். அதாவது 8 ரவை போட்ட 12 கேஜைப்போல ஒன்றரை மடங்கு. 20 கேஜுக்கும் மெதுவான பக்‌ஷாட் இல்லாமல் இல்லை, ஆனால் 12 கேஜில் கிடைக்கும் அளவுக்குத் தேர்வு கிடையாது.

எங்கே கை வைத்தால் பலன் அதிகம் என்பதும் இதே கணக்கில் இருக்கிறது. துப்பாக்கியின் எடையை இரட்டிப்பாக்கினால் உதையின் ஆற்றல் பாதியாகும். தோட்டாவின் உந்தத்தைப் பாதியாக்கினாலோ ஆற்றல் கால்பங்காகிவிடும். முதலில் மாற்ற வேண்டியது தோட்டா. அதற்குத் துப்பாக்கியையே மாற்ற வேண்டியதில்லை. மறுபக்கமும் இதேதான். 3 அங்குல மேக்னம் தோட்டாவில் 15 ரவைகள், 52 கிராம். அதை அந்த 3.2 கிலோ துப்பாக்கியில் சுட்டால் உதை 75 ஜூலைத் தொடும். குழலில் “2¾ & 3” என்று பொறித்திருப்பது, அதன் அறையில் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடம்) இரண்டும் நுழையும் என்பதற்குத்தான். உதைக்கு அஞ்சுபவர் மேக்னம் பெட்டியைத் தொடவே வேண்டாம்.

கணக்குப் போட நேரமில்லை என்பவர்களுக்கு, பிரிட்டனின் துப்பாக்கிச் செய்பவர் கிரீனரின் பெயரில் வழங்கும் பழைய விதி ஒன்று உண்டு: துப்பாக்கியின் எடை ரவையின் எடையைப்போல 96 மடங்காவது இருக்க வேண்டும். 28 கிராம் ரவைக்கு 2.7 கிலோ, 31 கிராமுக்கு 3 கிலோ, 52 கிராமுக்கு 5 கிலோ. வேகத்தை இந்த விதி கணக்கில் எடுப்பதில்லை, ஆனாலும் கடையில் நின்றபடி மனக்கணக்காகப் போட இதைவிட எளிய அளவுகோல் இல்லை.

இந்த விதியை மிக மோசமாக மீறுவது, முதல் துப்பாக்கி என்று பலர் கையில் கொடுக்கப்படும் மடக்குக் குழல் ஒற்றைத் தோட்டா ரகம். விலை மலிவு, எடை 2.4 கிலோ அளவில். அதில் முழு வேக 12 கேஜ் தோட்டாவைச் சுட்டால் 46 ஜூல். எடை குறைந்த துப்பாக்கியைத் தூக்குவது சுலபம், சுடுவது கொடுமை. துப்பாக்கியென்றாலே ஒதுங்கிப்போகும் பலரின் தோள் முதலில் அறிமுகமானது இந்த ரகத்தோடுதான்.

.410 ரகத்தையும் சொல்லிவிட வேண்டும். குழல் விட்டம் 10.4 மி.மீ.தான், 3 அங்குலத் தோட்டாவில் பெரிய ரவைகள் ஐந்து, உதை 15 ஜூல் அளவு. தோளில் அறுவைச் சிகிச்சை ஆனவர்களுக்கும் மூட்டு வலிக்காரர்களுக்கும் இது பொருந்தலாம். ஆனால் நல்ல தற்காப்புத் தோட்டாக்களின் வகை குறைவு, விலை அதிகம். மற்றவர்கள் இங்கே வர அவசரப்பட வேண்டாம்.

ஆற்றல் ஒரு பக்கம். அது எவ்வளவு நேரத்தில் தோளுக்கு வந்து சேர்கிறது என்பது இன்னொரு பக்கம். வேகமாக வரும் கிரிக்கெட் பந்தைக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டே பிடிப்பதன் சூட்சுமம்தான் இங்கும். 35 ஜூலை 2.5 செ.மீ. தூரத்துக்குள் நிறுத்தினால் சராசரி விசை 1,400 நியூட்டன், 5 செ.மீ. கிடைத்தால் அதில் பாதி. தோளில் பதியும் துப்பாக்கிக் கட்டையின் முனையிலுள்ள மென்ரப்பர் திண்டு செய்வது இதைத்தான். ஆலையிலிருந்து வரும் கெட்டி ரப்பரைக் கழற்றிவிட்டு லிம்ப்சேவர், பாக்மேயர் போன்ற மெத்தென்ற திண்டைப் பொருத்துவது, செலவுக்குக் கிடைக்கும் பலனில் தோட்டாவுக்கு அடுத்த இடம். இரண்டு திருகு வேலை. உங்கள் மாடலுக்கென்றே வார்த்த திண்டாகப் பார்த்து வாங்க வேண்டும். பொதுத் திண்டு என்றால் கட்டையின் வடிவத்துக்குத் தேய்க்க வேண்டியிருக்கும்.

வாயுவால் இயங்கி அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கியும் நேரத்தைத்தான் நீட்டுகிறது. குழலிலுள்ள சிறு துளைகள் வழியே கொஞ்சம் வாயு கீழே இறங்கி ஒரு பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன், அறையைப் பின்னாலிருந்து மூடியிருக்கும் போல்ட்டைப் பின்னுக்கு ஓட்டும், போல்ட் சுருள்வில்லை அழுத்தும், கடைசியில் பின்முனையில் வந்து நிற்கும். மொத்த உந்தம் குறைவதில்லை. ஆனால் ஒரே அடியாக வர வேண்டியது பல மில்லி நொடிகளுக்குப் பரவி, குத்து தள்ளாக மாறுகிறது. 1963-இல் வந்த ரெமிங்டன் 1100 மென்மைக்குப் பெயர் வாங்கியதற்கு இதுவும் அதன் எடையும் காரணம். இன்றைய பெரெட்டா ஏ300 அல்டிமா பேட்ரோல், மாஸ்பெர்க் 940 ப்ரோ டாக்டிகல் இரண்டும் இதே வழிதான்.

பெனெல்லி எம்2 போன்ற நிலைமத்தால் இயங்கும் ரகத்தில் பிஸ்டன் கிடையாது. துப்பாக்கி பின்னால் நகர, கனமான போல்ட் நின்ற இடத்திலேயே தங்க, இடையிலுள்ள வில் அழுந்தி அடுத்த வேலையைத் தொடங்குகிறது. சுத்தம் செய்வது எளிது, கரி சேராது. ஆனால் இது ஓடுவதற்குத் துப்பாக்கி ஒரு குறிப்பிட்ட வேகத்தில் பின்வாங்கியே ஆக வேண்டும். உதை குறைந்த தோட்டா, குழலடியில் மாட்டிய விளக்கு, பக்கவாட்டுத் தோட்டாச் சட்டம் எல்லாம் அந்த வேகத்தைக் குறைக்கும், தோட்டா மாட்டிக்கொள்ளும். உதையைக் குறைக்க நினைப்பவருக்கு, உதையை நம்பி ஓடும் இயந்திரம் பொருத்தமில்லை.

வாயு ரகத்திலும் ஒரு சோதனை பாக்கியிருக்கிறது. மெதுவான தோட்டாவின் வாயு போல்ட்டை முழுதும் ஓட்டப் போதாமல் போகலாம். காலி உறை வெளியேறாமல் வாயிலில் சிக்கும். முதலில் பிஸ்டனில் படிந்த கரியைத் துடையுங்கள், போல்ட் ஓடும் தண்டவாளத்துக்கு எண்ணெய் விடுங்கள். பிறகும் சிக்கினால், அந்தத் தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு ஆகாது. வீட்டில் வைக்கப்போகும் அதே பெட்டியிலிருந்து 25 தோட்டாவாவது ஒன்றுகூடச் சிக்காமல் ஓடினால்தான் நம்பலாம்.

முன்பிடியைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் பம்ப் ரகத்துக்கு (1950-இல் வந்த ரெமிங்டன் 870, அதை அடுத்து வந்த மாஸ்பெர்க் 500) இந்தக் கவலை இல்லை. கை இழுத்தால் எந்த வேகத் தோட்டாவும் ஓடும். அதற்குப் பதில், உதைக்கு அஞ்சுபவர் செய்யும் தவறு ஒன்று இதில் பளிச்சென்று தெரியும்: உதை வாங்கிய அதிர்ச்சியில் முன்பிடியைப் பாதி இழுத்து முன்னே தள்ளிவிடுவார். காலி உறை வெளியேறாது, அல்லது புதுத் தோட்டா ஏறாது. பின்னால் ‘டக்’ என்று இடிக்கும்வரை முரட்டுத்தனமாக இழுப்பதுதான் இதற்கு மருந்து. 1¾ அங்குலக் குட்டித் தோட்டாக்கள் குறைவாகவே உதைக்கும், ஆசைகாட்டும்; ஆனால் வழக்கமான பம்ப் துப்பாக்கியில் தோட்டாவை அறைக்கு உயர்த்தும் தூக்கியில் அவை குப்புறக் கவிழ்ந்து மாட்டும். அவற்றுக்கென்றே மாஸ்பெர்க் 590எஸ் இருக்கிறது. செமி ஆட்டோவில் பொதுவாக ஓடாது.

அடுத்தது கட்டையின் நீளம். விசையிலிருந்து (சுடுவதற்கு விரலால் இழுக்கும் கொக்கி) கட்டையின் பின்முனைவரையான தூரம் ஆலைத் துப்பாக்கிகளில் பெரும்பாலும் 14 அங்குலம். இது உயரமான ஆளுக்கு, குளிர்ச்சட்டை இல்லாமல் நிற்கும்போது சரி. சராசரிப் பெண்ணுக்கும் குட்டையான ஆணுக்கும் 12½ முதல் 13 அங்குலம்தான் பொருந்தும். கட்டை நீளமானால் கை எட்டாது. உடல் பக்கவாட்டில் திரும்பும். முதுகு பின்னால் சாயும். கட்டையின் முனை தோள்குழியைவிட்டு நழுவிக் கைத்தசைமேல் உட்காரும். அடுத்த நாள் புஜத்தில் தெரியும் நீலத் தழும்பு இதன் கையெழுத்து.

அளந்து பார்ப்பது எளிது. துப்பாக்கியைக் காலி செய்து, அறையைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து, பாதுகாப்பான திசையில் தோளுக்கு ஏற்றுங்கள். கட்டையைப் பிடித்திருக்கும் கையின் பெருவிரல் மூட்டுக்கும் மூக்குக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்க வேண்டும். அப்படியே அரை நிமிடம் பிடியுங்கள். முதுகு பின்னால் சாயத் தொடங்கினால், கட்டை நீளம் அல்லது முன்பக்கம் கனம். முழங்கை மடிப்பில் கட்டையை வைத்து விரல் விசையைத் தொடுகிறதா என்று பார்க்கும் பழைய முறையை நம்ப வேண்டாம். அது கழுத்தையும் மார்பையும் அளப்பதில்லை. 870, மாஸ்பெர்க் 500 இரண்டுக்கும் மேக்புல் எஸ்ஜிஏ கட்டை கிடைக்கிறது; இடைத்தகடுகளைக் கழற்றி நீளத்தைக் குறைக்கலாம். மேலே சொன்ன பெரெட்டா பேட்ரோல் 13 அங்குலத்திலேயே வருகிறது.

கட்டையே இல்லாமல் வெறும் பிடியோடு வரும் குட்டை ரகங்களைப் பற்றி ஒரே வரி: உதை முழுவதும் மணிக்கட்டில், வேண்டாம்.

நிற்கும் முறை தவறினால் இவ்வளவும் வீண். கட்டைக்கும் தோளுக்கும் 1 செ.மீ. இடைவெளி விட்டால், துப்பாக்கி முழு வேகமெடுத்து வந்து சுத்தியலாக இறங்கும். இறுகச் சேர்ந்திருந்தால் தோளின் எடையும் துப்பாக்கியின் எடையோடு சேர்ந்துகொள்ளும். முதலில் கட்டை கன்னத்துக்கு, பிறகு கழுத்தெலும்புக்குக் கீழே உள்ள குழிக்கு. இடுப்பிலிருந்து முன்னால் சாய்வு. முன்கை முன்பிடியை முன்னோக்கித் தள்ள, விசைக்கை கட்டையைத் தோளுக்குள் இழுக்க வேண்டும். இந்த எதிரெதிர் இழுப்பு உதையில் கணிசமான பங்கைக் கைகளிலேயே வாங்கிக்கொள்ளும்.

உதை என்று பலர் அஞ்சுவதில் ஒரு பகுதி சத்தம். 18 அங்குலக் குழலின் வெடியோசை 150 டெசிபெலைத் தாண்டும். காதுக்குள் நுரைச் செருகி, அதன்மேல் காதுமூடி என இரண்டும் போட்டால், அதே தோட்டா மென்மையானதாகத் தோன்றும். குழல் முனையில் துளையிட்ட ‘பிரேக்’ வாங்குவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்: ஷாட்கனில் முனையை அடையும்போது வாயு அழுத்தம் குறைந்துவிடுவதால் உதை கொஞ்சம்தான் குறையும், சத்தமோ கூடும்.

பயம் உடலில் தங்கிவிட்டதா என்று கண்டுபிடிக்கப் போலித் தோட்டா உதவும். வேறொருவர் நிஜத் தோட்டாக்களுக்கிடையே ஒன்றிரண்டு போலியைக் கலந்து ஏற்றட்டும். போலி வரும்போது விசையை இழுத்ததும் குழல் முனை கீழே குனிந்தால், உடல் உதைக்கு முந்திக்கொள்கிறது என்று பொருள். அன்று பக்‌ஷாட்டை மூடி வைத்துவிட்டு, 25 கிராம் இலேசான பயிற்சி ரவைக்கு இறங்குங்கள். வலிக்கத் தொடங்கும் முன்பே நிறுத்துங்கள். வலியோடு சுடும் ஒவ்வொரு தோட்டாவும் குனிவதைத்தான் பழக்கப்படுத்தும். பயிற்சி ரவை வீட்டுக்கு வேண்டாம். அது போதிய ஆழம் போகாது. பக்‌ஷாட்டோ ஜிப்சம் சுவரைத் துளைத்து அடுத்த அறைக்குப் போகும். எந்தத் திசையில் யார் தூங்குகிறார்கள் என்பதை முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

வீட்டில் வைக்கும்போது பூட்டும் பெட்டிக்குள், அறை காலியாக. பெரும்பாலான ஷாட்கன்களில் பாதுகாப்புப் பொத்தான் விசையை மட்டுமே தடுக்கும். அறையில் தோட்டாவோடு துப்பாக்கி கீழே விழுந்தால் அந்தப் பொத்தானை நம்ப முடியாது.