பதில் சொல்லும்போது பக்கத்தில் யார்?

பாலியல் கற்பனைகள் பற்றிய புத்தகம் ஒன்றை நூலகத்தில் எடுத்துப் படித்த சிங்கப்பூர் தோ பாயோ வாசகி கேட்டிருக்கிறார்: "ஆண்களுக்குத்தான் இந்த நினைப்பு அதிகம் என்று எண்களோடு போட்டிருக்கிறார்களே, இது உடம்பின் வேலையா, வளர்ப்பின் வேலையா?"

கற்பனை வருவது இயல்பு. உளவியலாளர்கள் லைட்டன்பர்கும் ஹென்னிங்கும் 1995இல் பழைய ஆய்வுகளைத் தொகுத்தபோது, இருபாலரிலும் ஏறக்குறைய 95 விழுக்காட்டினருக்கு அது உண்டு என்று தெரிந்தது. இந்த நினைப்பால் நரம்பு தளரும் என்று சொல்லி லேகியம் விற்பது வெறும் பொய். ஹார்மோன் பாடம் பள்ளியிலேயே படித்தது, அதை விட்டுவிடலாம். அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பதுதான் இங்கே முக்கியம்.

உளவியலாளர் டெரி ஃபிஷரின் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வில் 283 கல்லூரி மாணவர்கள். ஆளுக்கு ஒரு கை எண்ணி, கூட்டத்தில் தலை எண்ணுவார்களே, அந்தக் கருவிதான். நினைப்பு வரும்போதெல்லாம் ஓர் அழுத்து. ஒரு நாளின் இடைநிலை எண், அதாவது எல்லாரையும் வரிசையில் நிறுத்தினால் நடுவில் வரும் எண், ஆண்களுக்கு 18.6, பெண்களுக்கு 9.9. இடைநிலையைப் பிடித்ததற்குக் காரணம் உண்டு: ஆண்களில் ஒருவர் நாளுக்கு 1, இன்னொருவர் 388. சராசரி எடுத்தால் அந்த ஒருவரே கணக்கைத் தூக்கிவிடுவார். அந்த 283 பேரில் வேறு சிலர் சாப்பாட்டு நினைப்பையும் தூக்க நினைப்பையும் எண்ணினார்கள். அவற்றிலும் ஆண்களின் எண்ணே கூடுதல்! அப்படியானால் காமம் மட்டும் கூடுதல் என்று சொல்ல முடியுமா? தன் உடம்பின் தேவை எதுவானாலும் அதைக் கவனித்து ஒத்துக்கொள்ளும் பழக்கமும் அந்த எண்ணில் கலந்திருக்கலாம். ஒருவரின் எண்ணை ஊகிக்க, ஆணா பெண்ணா என்பதைவிட, பாலியல் பேச்சில் அவருக்குக் கூச்சமா இயல்பா என்பதே அதிகம் உதவியது.

இதைவிட அழகான சோதனை ஒன்று உண்டு. அலெக்சாண்டரும் அதே ஃபிஷரும் 2003இல், இதுவரை எத்தனை பேருடன் உறவு என்று மூன்று விதமாகக் கேட்டார்கள். விடையை வேறொருவர் பார்க்கக்கூடும் என்ற நிலையில் பெண்கள் சொன்ன சராசரி 2.6. பெயரில்லாமல், தனியறையில் எழுதியபோது 3.4. உடம்பில் மின்முனைகளை ஒட்டி, "இது பொய்யைக் கண்டுபிடிக்கும்" என்று சொன்னபோது 4.4. அந்தக் கருவி வேலையே செய்யாதது! ஆண்களின் எண் 3.7, 4.2, 4.0 என்று பெரிதாக அசையவில்லை. ஆள் பார்க்கும்போது தெரிந்த இடைவெளி, பொய்க்கருவியின் முன்னால் காணாமல் போனது.

ஆகவே வாசகிக்குப் பதில்: புத்தகத்தில் உள்ள எண்ணை மட்டும் வைத்து உடம்பையும் வளர்ப்பையும் பிரிக்க முடியாது. கேள்வித்தாளை எங்கே, யார் முன்னால் நிரப்பினார்கள் என்ற பகுதியை முதலில் தேடுங்கள். மூவறை வீட்டில் மாமியார் கூடத்தில் இருக்க, கைபேசியில் பதில் சொல்லும் மருமகளின் எண் வேறு. கதவைச் சாத்திக்கொண்டு அவரே எழுதும் எண் வேறு.

சிங்கப்பூரில் இதைத் தமிழில் கேட்கும் ஆய்வுக்குப் பணம் ஒதுக்க வேண்டும். சொல்லிலேயே வேலை தொடங்குகிறது: "காம எண்ணம்" என்று கேட்டால் குற்றம் சாட்டுவதுபோல் இருக்கும், "பாலியல் கற்பனை" என்றால் பாடநூல் வாசனை. இரண்டையும் சிலரிடம் கொடுத்து, என்ன புரிந்தது என்று அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்டபிறகுதான் கேள்வித்தாளை அச்சுக்கு அனுப்ப வேண்டும்.