புரொஜெக்ட் ஃபைலுக்குள் பாட்டு இல்லை

பாட்டை மீட்டுத் தரச் சொல்லி இந்த மாதமும் ஒன்று வந்தது, முள்ளியவளைப் பக்கமிருந்து. பாட்டுப் பதியும் மென்பொருளான கியூபேஸ் எஸ்எக்ஸ் ஏற்றிய பழைய கம்பியூட்டர், மதர்போர்ட் போய்விட்டது. கோவலன் கூத்துப் பாடல்களை ஒரு அண்ணாவியார் (கூத்தைப் பழக்குபவர்) பாட, மத்தளத்தையும் ஆர்மோனியத்தையும் தனித்தனி ட்ராக்கில் பதிந்திருக்கிறார்கள். அண்ணாவியார் இப்போது இல்லை. அவருடைய குரலை மட்டும் பிரித்துத் தரச் சொல்லி மகன் கேட்டார். "எல்லாம் இதுக்குள்ள இருக்கு அண்ணை" என்று ஒரு பென் டிரைவையும் நீட்டினார்.

அதிலிருந்த புரொஜெக்ட் ஃபைலின் அளவைத் திறந்து காட்டினேன். 412 கிலோபைட். சுருக்காத ஒலியில் ஒரு நிமிடப் பேச்சுக்கே அது போதாது.

எத்தனை தரம் சொன்னாலும் இது மட்டும் ஏறமாட்டேன் என்கிறது. புரொஜெக்ட் ஃபைல் என்பது பாட்டு அல்ல. எந்த ஒலித்துண்டு எந்த வினாடியில் தொடங்க வேண்டும், எவ்வளவு சத்தம், எந்த பிளகின் (எஃபெக்டோ வாத்திய ஓசையோ தரும் துணை மென்பொருள்) என்ற குறிப்புகள்தான் அதற்குள் இருக்கின்றன. பாடிய குரல் பக்கத்திலுள்ள ஓடியோ ஃபோல்டரில் வேவ் ஃபைலாக, அதாவது சுருக்காத ஒலியாகக் கிடக்கிறது. குறிப்பை மட்டும் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்தால், திறக்கும்போது "ஃபைலைக் காணவில்லை" என்றுதான் வரும். இவர்களுடைய ஓடியோ ஃபோல்டர் டி டிரைவில் இருந்திருக்கிறது. விண்டோஸை மாற்றிக் கொடுத்தவர் அதையும் சேர்த்து ஃபோர்மற் அடித்துவிட்டார். அதன் பிறகும் அதே டிஸ்க்கில் படங்களை நிரப்பியிருக்கிறார்கள். மீட்க முடிந்தது இரண்டு பாடல்கள்தான், அதுவும் அரைகுறை.

பழைய மென்பொருளை விடச் சொல்லி நான் யாரையும் வற்புறுத்தவில்லை. கை பழகிய கருவியில் வேலை வேகமாக நடக்கும், அது எனக்கும் தெரியும். ஆனால் 2006இல் கியூபேஸ் 4 வந்ததோடு எஸ்எக்ஸின் காலம் முடிந்துவிட்டது. அதன் டொங்கிளுக்கான (உரிமத்தைக் காட்டும் யுஎஸ்பி சாவி) சேவையையும், கியூபேஸைச் செய்யும் ஸ்டைன்பேர்க் 2025 மே மாதம் மூடிவிட்டது. டொங்கிள் உடைந்தால் இனி மாற்று இல்லை. புது மெஷினில் புது கியூபேஸ் போட்டுத் திறக்கலாம் என்றால், கியூபேஸ் 9இலிருந்தே 32 பிட் பிளகின்கள் ஓடுவதில்லை. நீங்கள் ஆசையாகச் சேர்த்த வயலினும் தவிலும் பெரும்பாலும் அந்த வகைதான்.

"சோனார் என்ற பதிவு மென்பொருள் நின்றுபோய்த் திரும்பி வந்ததே" என்பார்கள். 2017 நவம்பரில் கிப்சன் நிறுவனம் அதை நிறுத்தியது, சில மாதங்களில் பேண்ட்லேப் நிறுவனம் வாங்கியது, உண்மைதான். அதே கிப்சனின் கையில் போன ஒப்கோட் நிறுவனத்தின் ஸ்டூடியோ விஷன் என்ற மென்பொருள் திரும்பி வரவேயில்லை. லொஜிக் என்ற மென்பொருளைச் செய்த எமாஜிக் நிறுவனத்தை 2002இல் அப்பிள் வாங்கியதும் லொஜிக்கின் விண்டோஸ் பதிப்பு நின்றது. அதற்கும் இன்றுவரை பதில் கிடையாது.

அதனால் மெஷின் ஓடும்போதே செய்யுங்கள். இன்றைக்கே. ஒவ்வொரு ட்ராக்கையும் பாட்டின் பூச்சியத்திலிருந்து வேவாக வெளியே எடுங்கள். எல்லாம் ஒரே இடத்தில் தொடங்கினால்தான் எந்த மென்பொருளிலும் வரிசையாக உட்காரும். எஸ்எக்ஸில் ஒவ்வொன்றாக சோலோ போட்டுத்தான் (அந்த ட்ராக் மட்டும் கேட்கும்படி) எடுக்க வேண்டும், சலிப்பான வேலைதான், பொறுத்துக்கொள்ளுங்கள். எஃபெக்ட் போட்டு ஒன்று, போடாமல் ஒன்று. மிடி ட்ராக்கை மிடியாகவும் சேமியுங்கள், ஒலியாகவும் பதியுங்கள். வெறும் மிடியில் சுரம்தான் இருக்கும், வாத்தியத்தின் ஓசை இருக்காது. டெம்போவை ஒரு கடதாசியில் எழுதி வையுங்கள். எம்பி3 ஆக மட்டும் வைத்திருந்துவிட்டு என்னிடம் வராதீர்கள்.

இடம் போதாது என்று சொல்ல வேண்டாம். 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் மோனோவில் ஒரு நிமிடம் ஏறத்தாழ 8.6 மெகாபைட். ஐந்து நிமிடப் பாட்டு, இருபது ட்ராக், எஃபெக்ட் போட்டதும் போடாததும் என்றாலும் இரண்டு ஜிகாபைட்டைத் தாண்டாது. இரண்டு டிஸ்க்கில் வையுங்கள், இரண்டும் ஒரே மேசையில் இருக்கக் கூடாது. ஒரு பிரதியைப் பாடியவர் வீட்டிலேயே கொடுத்துவிடுங்கள்.

மெஷின் ஏற்கெனவே நின்றுவிட்டதா? அப்படியே விடுங்கள். டிஸ்க்கில் எதையும் எழுதாதீர்கள், விண்டோஸ் போடக் கொடுக்காதீர்கள். பழைய பட்டைக் கேபிள் மாட்டும் ஐடிஇ டிஸ்க் என்றாலும் பரவாயில்லை, அதை வாசிக்கும் கன்வேர்ட்டர் என்னிடம் இருக்கிறது. ஓடியோ ஃபோல்டரோடு முழு டிஸ்க்கையும் கழற்றிக் கொண்டு வாருங்கள்.