சைஃபர்: சுழியமா, வட்டமா?

ராப் பாடுவோர் வட்டமாக நின்று ஒருவர் பின் ஒருவராகப் பாடும் கூட்டத்துக்கு ஹிப்-ஹாப்பில் சைஃபர் என்று பெயர். மேடையும் நடுவரும் கிடையாது. கருவி இல்லாவிட்டால் ஒருவர் வாயாலேயே தாளம் போடுவார், அது பீட்பாக்ஸ். பிரேக் நடனக்காரர்களும் தங்கள் வட்டத்தை இப்படியே அழைக்கிறார்கள். இருவர் எதிரெதிரே நின்று மோதும் 'பேட்டில்' வேறு. 'சைபர் குற்றம்' என்பதில் வரும் சைபரும் வேறு. அது சுக்கான் பிடிப்பவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது.

நம் சொல்லின் வேர் அரபியில் இருக்கிறது. வடமொழி 'சூன்ய'த்தை அரபியர் 'ஸிஃப்ர்' என்று பெயர்த்தனர், பொருள் வெறுமை. அது லத்தீன் வழியாக ஐரோப்பாவுக்குப் போய்ச் சுழியத்தையும், பிறகு மறைகுறி எழுத்தையும் குறித்தது. முந்தைய தலைமுறைத் தமிழர் சுழியத்தைச் 'சைபர்' என்றதும், ஒன்றுக்கும் உதவாதவனை 'சைபர்' என்று ஏசியதும் இதே சொல்லால்தான்.

பூஜ்யம் எப்படிப் பாட்டு வட்டமானது? 1964 அளவில் நியூயார்க்கின் ஹார்லெமில் கிளாரன்ஸ் 13எக்ஸ் தொடங்கிய 'ஐந்து விழுக்காட்டினர்' இயக்கம், தெருவில் திரிந்த கறுப்பின இளைஞர்களுக்கு எண்களின் வழியே பாடம் சொன்னது. அவர்கள் கணக்கில் 0 என்பது 'சைஃபர்': 360 பாகை கொண்ட முழு வட்டம். வட்டமாக நின்று, முறை வைத்து, பாடத்தை விளக்குவார்கள். ராகிம் உட்படப் பல ராப் பாடகர்கள் இந்த இயக்கத்தைச் சேர்ந்தவர்கள். அவர்கள் வழியே சொல் ஹிப்-ஹாப்புக்கு வந்தது. வெறுமை என்ற ஏச்சு முழுமை என்ற பெயரானது இங்கேதான். ஒதுக்கப்பட்ட இளைஞர்களோடு வேலை செய்பவர்கள் இந்தச் சொல்லின் மேல் வைத்திருக்கும் பற்றுக்குக் காரணமும் அதுவே.

தமிழில் என்ன சொல்லலாம்? 'வட்டம்' போதாது, வாசகர் வட்டத்தில் முறை வைத்துப் பேச வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 'களம்' போரை நினைவூட்டும். 'சுழி' என்ற சொல்லிலோ சுழியமும் வட்டமும் சுழற்சியும் ஒன்றாகவே இருக்கின்றன. ஆகவே பாடுவோர் கூடுவது சொற்சுழி, ஆடுவோர் கூடுவது ஆடற்சுழி. எல்லாரும் ஒரு முறை பாடி முடித்தால் ஒரு சுற்று.

இளைஞர்களோடு சொற்சுழி நடத்தும்போது 8 முதல் 12 பேர் போதும். நிமிடத்துக்கு 90 தட்டு என்ற வேகத்தில், நான்கு தட்டு கொண்ட ஒரு பார் சுமார் 2.7 நொடி. அனுபவசாலியின் 16 பார் 43 நொடி ஓடும். புதியவருக்கு அது பெரும் பாலைவனம். முதல் சுற்றில் ஆளுக்கு 4 பார், அதாவது 11 நொடி மட்டும் கொடுங்கள். தன் பெயரும் ஓர் இயைபும், அதாவது வரிகளின் கடைசி ஒலி ஒத்து வருவதும், வந்தால் போதும். தமிழில் 'வந்தேன், நின்றேன்' என்று வினைமுற்றே இயைபைக் கொடுத்துவிடும். இரண்டாம் சுற்றிலிருந்து பெயர்ச்சொல்லில் வரியை முடிக்கச் சொன்னால் சிந்தனை விழித்துக்கொள்ளும். முன்னவர் விட்ட கடைசிச் சொல்லை எடுத்து அடுத்தவர் தொடங்கட்டும். இது நம் அந்தாதிதான். 'எதைப் பாடுவது' என்ற திகைப்பு இதில் பாதி தீர்ந்துவிடும். அடுத்தவர் பாடுவதைக் காது கொடுத்துக் கேட்கவும் வைக்கும்.

சுழி குலைவது பெரும்பாலும் நடத்துபவரால். அவர் வெளியே குறிப்பேட்டோடு நின்றால் அது தேர்வாகிவிடும். அவரும் வட்டத்துக்குள் நின்று, தன் முறையில் தடுமாறியாவது பாட வேண்டும். கைப்பேசியில் படம்பிடிக்க ஒருவர் விலகினாலும் வட்டம் உடைந்து மேடையாகிவிடும். எல்லாரும் சம்மதித்தாலன்றிப் பதிவு வேண்டாம், ஏனென்றால் வீட்டில் வாங்கிய அடியும் பட்ட அவமானமும் வரிகளில் வந்துவிடும். அப்படி வந்தால் தாளத்தை நிறுத்தி விசாரிக்காதீர்கள். சுற்று முடிந்தபின் தனியே பேசப் பயிற்சி பெற்ற ஒருவர் அங்கே இருக்கட்டும். பாட விரும்பாதவர் தன் 4 பாருக்கும் கை தட்டி முறையைக் கடத்தலாம். ஆனால் அடுத்த சுற்றிலும் அவர் முறை வந்தே தீர வேண்டும், அவரைத் தாண்டிப் போகக் கூடாது.